அம்மன் பூக்கொடுத்த பாடகன்

நான் ஓய்வு பெற்ற அன்று எனக்குச் சால்வை போர்த்தினார்கள். சித்திரை வெயிலில், ஃபேன் ஓடாத ஹாலில், கம்பளி மாதிரி ஒரு சால்வை. ஒலி அமைப்பாளர் சங்கத்துச் செயலாளர் மைக்கைப் பிடித்து, "பக்தி இசைக்கு சரோஜாம்மா ஆற்றிய தொண்டு" என்று ஆரம்பித்து அரை மணி நேரம் பேசினார். வேர்வையைத் துடைத்தேன். அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு கை தட்டினார்கள்.

கூட்டம் முடிந்ததும் இளவட்டங்கள் என்னைச் சுற்றிக்கொண்டன. இப்போது எங்கள் ரெக்கார்டிங் தியேட்டரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள். பக்தியைப் பற்றி ஒருத்தர் வாய் திறக்கவில்லை. "மேடம், கல்குவாரி ஆல்பம் நீங்கதானே பண்ணீங்க? பாடகரை மாத்தினாங்களே, அந்த ஆல்பம்?" இதுதான் கேள்வி. மாரியம்மன் தாலாட்டும் முருகன் காவடியும் தீர்த்தமலைக்கு ஏறுகிறவர்களுக்கான படிப்பாட்டுமாக வாழ்நாளெல்லாம் பதிந்து தள்ளியவளுக்குக் கடைசியில் மிஞ்சிய பெயர் ஹெவி மெட்டல் என்கிற அந்த இரைச்சல் பாட்டு. தலையெழுத்து, வேறென்ன சொல்ல?

சங்க மலருக்கு அனுபவம் எழுதித் தரச் சொன்னபோதும் அதே கதைதான். பக்தி எழுதட்டுமா என்று கேட்டேன். "அது எல்லா வருசமும் வருது மேடம்" என்றார்கள். சரி, கேட்டதை எழுதுகிறேன். படித்துவிட்டு யாரும் முகத்தைச் சுளிக்கக் கூடாது.

நான் ஒன்றும் ஒலிப்பதிவு படித்துவிட்டு வந்தவள் இல்லை. தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்த அந்த ரெக்கார்டிங் தியேட்டரில், கேசட் அட்டைக்குப் பாட்டு வரிகளை டைப் அடிக்கச் சேர்ந்தேன். டேப் வெட்டி ஒட்டுகிற ஆள் ஒருநாள் பெங்களூருக்குப் போய்த் திரும்பி வரவே இல்லை. முதலாளி பொன்னுசாமி ஐயா பிளேடை என் கையில் கொடுத்து, "துணி வெட்டத் தெரியுமில்ல? அதேதான்" என்றார். அதே இல்லை. முதல் மாதம் நான் வெட்டியதில் ஒரு முருகன் பாட்டில் வள்ளி கல்யாணமே காணாமல் போய், சாமி தினைப்புனத்திலிருந்து நேராகப் பழனிக்குப் போய்விட்டார். அப்படித்தான் தொழில் கற்றுக்கொண்டேன். பிறகு டேப் போய் சிடி வந்தது, சிடி போய் கம்ப்யூட்டர் வந்தது, எல்லாவற்றிலும் நான் இருந்தேன்.

பொன்னுசாமி ஐயாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. வாழ்க்கையில் ஒரு முறைகூட 'நல்லா இருக்கு' என்று சொல்லாத மனிதர். ஒரு பாட்டு அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனால் "கெடுதலில்ல" என்பார். பாடகர்கள் அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு மாடிப்படியில் நின்று ஆனந்தக் கண்ணீர் விட்டதை நான் பார்த்திருக்கிறேன். பிடிக்காவிட்டால் பேசவே மாட்டார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைக்க ஆரம்பிப்பார். அவர் துடைக்கத் துடைக்க உள்ளே பாடுகிறவனுக்குச் சுருதி இறங்கிக்கொண்டே போகும்.

அவருக்குச் சில சட்டங்கள் உண்டு. பதிவுக்கு முன்னால் மிஷினுக்குக் கற்பூரம் காட்ட வேண்டும், மைக் ஸ்டாண்டுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும், சத்தம் வரும் என்பதால் ஃபேனை நிறுத்த வேண்டும். யாருடைய ஆல்பமாக இருந்தாலும் முதல் பாட்டு பிள்ளையார் பாட்டு. இதற்கெல்லாம் மேலே ஒரு சட்டம் இருந்தது. பாட்டு முடிந்ததும் அதைப் பென்னாகரம் போகும் மினி பஸ்ஸில் போட்டுப் பார்க்க வேண்டும். பாடினவர், வாசித்தவர், நான், ஐயா எல்லோரும் டிக்கெட் எடுத்து ஏறி உட்கார வேண்டும். இது எங்கள் பாட்டு என்று மூச்சு விடக் கூடாது. டிரைவர் மாதேஷ் மட்டும் எங்கள் ஆள். பயணிகளில் ஒருத்தர் "வேற போடுப்பா" என்று சொல்லிவிட்டால் அந்தப் பாட்டு தோற்றது, மறுபடி பதிவு. யார் வந்து கெஞ்சினாலும் இதில் மாற்றம் கிடையாது. "காசு குடுத்து டிக்கெட் வாங்கினவன்தான் உண்மையைச் சொல்லுவான்" என்பார்.

ஆனால் அதே ஐயா வேறு சில விஷயங்களில் தாராளம். ஒரு ரைஸ் மில் முதலாளிக்குத் தன் குரலில் அம்மன் பாட்டு கேசட் போட ஆசை வந்தது. பாடினார். நெல் அரைபடுகிற சத்தம் எவ்வளவோ தேவலை. அவர் காபி குடிக்கக் கீழே இறங்கியதும், ஐயா வேறொரு பாடகரைக் கொண்டுவந்து முழுசையும் பாட வைத்துவிட்டார். மில்காரர் அதைக் கேட்டு உருகி, "என் தொண்டையில இவ்ளோ இருந்திருக்குதே, இத்தன நாளா தவிடு ஊதிக்கிட்டு இருந்துட்டேனே" என்று கண் கலங்கினார். அந்தக் கேசட் திருவிழாக்களில் சக்கைப்போடு போட்டது. குரல் ஒருத்தருடையது, அட்டையில் படம் ஒருத்தருடையது என்பது எங்கள் தொழிலில் புளியோதரைக்கு அப்பளம் மாதிரி சாதாரணம். இதை எதற்குச் சொல்கிறேன் என்று பிறகு தெரியும்.

இனி கல்குவாரி. பென்னாகரம் பக்கத்துப் பையன்கள் மூன்று பேர். மூடிப்போன ஒரு கல் குவாரியின் ஷெட்டில் பழகுவதால் அந்தப் பெயர். குவாரி ஓடிக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் வாசிப்பதைப் பற்றி ஊரில் ஒருத்தரும் புகார் சொன்னதில்லை. கல் உடைக்கும் கிரஷர் நின்ற பிறகுதான் இப்படி ஒரு குழு இருப்பதே ஊருக்குத் தெரிந்தது. கிடார் வாசிக்கும் முனிராஜ்தான் தலைவன், பாட்டு எழுதுகிறவனும் அவனே. டிரம்ஸ் தினேஷ். பேஸ் கிடார் வாசிக்கும் மூன்றாவது பையன் எதற்கும் கருத்துச் சொல்ல மாட்டான், சோறு வேண்டுமா என்று கேட்டாலும் "உங்க இஷ்டம்" என்பான். மூன்று பேரும் கறுப்பு டி-சர்ட், நெஞ்சில் மண்டை ஓடு. வீட்டுக்குப் போகும்போது மட்டும் மேலே ஒரு சட்டை போட்டுப் பொத்தானைக் கழுத்து வரை பூட்டிக்கொள்வார்கள்.

அவர்களுக்கு ஜான்சன் என்று ஒரு பாடகன் இருந்தான். தொண்டையின் அடியிலிருந்து புலி உறுமுகிற மாதிரிப் பாடுவான். அந்த உறுமலுக்கு அவர்கள் பாஷையில் க்ரௌல் என்று பெயர். 'தாலுகா கச்சேரியைக் கொளுத்து, கோப்புகளைக் கொளுத்து' என்று அவன் உறுமிய பாட்டுக்குப் பெங்களூரு வரைக்கும் பெயர். அப்படிப்பட்டவன் திடீரென்று பரீட்சை எழுதித் தேறி, கிராம நிர்வாக அலுவலராகப் போய் உட்கார்ந்துவிட்டான். கொளுத்தச் சொன்ன கோப்புகளை இப்போது கையெழுத்துப் போட்டு அடுக்கி வைக்கிறான். பழைய பாட்டை இனி எங்கேயும் போட வேண்டாம் என்று முனிராஜிடம் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டானாம்.

ஆல்பத்துக்குத் தேதி வாங்கியாயிற்று, பாடகன் இல்லை. 'நான் டிரம்ஸ் அடித்துக்கொண்டே பாடுகிறேன்' என்றான் தினேஷ். முனிராஜ் தன் தாய்மாமன் மகன் செல்வத்தைக் கொண்டுவருவேன் என்றான். ஆம்ப்ளிஃபயர் வாங்கிக் கொடுத்தது அந்தத் தாய்மாமன். மாமன் வீட்டுப் பிள்ளையை ஒதுக்கிவிட்டு நாளைக்குக் குலதெய்வப் பொங்கலில் எந்த முகத்தோடு நிற்பான்? மூன்றாமவனைக் கேட்டால் "உங்க இஷ்டம்" என்கிறான். சண்டை முற்றிப் பேச்சுவார்த்தை நின்று போனது. அப்புறம் நம் பக்கத்தில் நிலத் தகராறுக்கும் பெண் எடுப்பதற்கும் என்ன செய்வோமோ அதையே செய்தார்கள். மாரியம்மன் கோயிலுக்குப் போய்ப் பூப்போட்டுக் கேட்டார்கள்.

வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் செல்வம், சிவப்பு வந்தால் தினேஷ். பூசாரி கண்ணை மூடி அம்மன் காலடியிலிருந்து ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஆல்பத்தில் 'கடவுள் இல்லை' என்றே ஒரு பாட்டு இருக்கிறது. அந்தப் பாட்டை யார் பாடுவது என்பதை அம்மனிடம் கேட்டு முடிவு செய்த ஒரே குழு உலகத்தில் இவர்களாகத்தான் இருக்கும்.

"வெள்ளப் பூவுக்கும் எங்க மியூசிக்குக்கும் என்னா மேடம் சம்பந்தம்?" என்று தினேஷ் என்னிடம் வந்து பொருமினான்.

"அப்ப மறுபடி கேக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"ஐயோ, ஆத்தா குடுத்தத மாத்தினா கண்ணு போயிரும்" என்று நெஞ்சில் இருந்த மண்டை ஓட்டின் மேல் கையை வைத்துக்கொண்டான்.

இப்படியாக வந்து சேர்ந்தான் செல்வம். தருமபுரியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றவன். வேலையை விட்டுவிட்டே வந்திருந்தான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, எண்ணெய் வைத்து வாரிய தலை. ஸ்டுடியோ வாசலில் செருப்பைக் கழற்றினான். மைக்குக்கு முன்னால் போய் அதைத் தொட்டுக் கும்பிட்டான். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்த என்னைப் பார்த்து, "ஆரம்பிக்கலாமுங்களா?" என்று கேட்டான். தினேஷ் சுவரில் தலையை முட்டிக்கொண்டான்.

முதல் சிக்கல் பிள்ளையார். ஐயாவின் சட்டப்படி முதல் பாட்டு அவருக்குத்தான் என்றதும் தினேஷ் எகிறினான். "சார், நாங்க கடவுளையே எதுத்துப் பாடறவங்க!"

ஐயா நிதானமாகச் சொன்னார். "பாடு சாமி, யாரு வேணாங்கிறா? எதுத்துப் பாடறதுக்கும் விக்கினம் வரக் கூடாதில்ல?"

கடைசியில் மூன்று பேரும் சேர்ந்து 'ஓம்' என்று ஒரு பெரிய உறுமல் உறுமி அதைப் பிள்ளையார் கணக்கில் வைத்தார்கள். ஐயா கண்ணாடியைத் துடைக்கவில்லை. அதுவே பெரிய விஷயம்.

சத்தத்தைப் பதிவதில் எங்களுக்குப் பயமில்லை. பம்பையும் தவிலும் பதிந்த இடம் அது. ஜமக்காளங்களைக் கதவில் தொங்கவிட்டேன், கிடார் ஆம்ப்ளிஃபயரைக் குளியலறையில் வைத்துக் கதவைச் சாத்தினேன், பாடுகிறவன் மூச்சு மோதாமல் இருக்க எம்பிராய்டரி வளையத்தில் மெல்லிய துணி கட்டி மைக்குக்கு முன்னால் நிறுத்தினேன். டிரம்ஸ், பேஸ், கிடார் எல்லாம் ஒழுங்காக ஏறின. கீழே இருந்த பேக்கரிக்காரர் மட்டும் ஒருமுறை மேலே வந்து, பப்ஸெல்லாம் தட்டிலிருந்து நகருகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

வினை குரலில்தான் இருந்தது. ஆல்பத்தின் பெரிய பாட்டு மேகத்தின் மேல் முனிராஜ் எழுதியது. 'மேகமே, உன் நெஞ்சைக் கிழிப்பேன்! வானமே, உன் நாக்கை அறுப்பேன்!' என்று போகும். இசை இடி மாதிரி முழங்கி ஒரு கணம் நிற்க வேண்டும், அப்போது பாடகன் உறுமிக்கொண்டு பாய வேண்டும். இசை முழங்கியது, நின்றது. செல்வம் கையைக் கட்டிக்கொண்டு, "மேகமே..." என்றான். விருந்தாளியைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரல்.

"மாப்ள, மேகத்த மெரட்டணும்டா" என்றான் முனிராஜ்.

"மெரட்டினா வருமுங்களா மாமா?"

முனிராஜ் பல்லைக் கடித்துக்கொண்டான். "யாரையாச்சும் நெனச்சுக்க. உன்னைய எரிச்சல் பண்ணினவங்க யாராச்சும்."

செல்வம் யோசித்துச் சொன்னான். "கடைல ஒரு அம்மா இருந்த சேலையெல்லாம் எறக்கச் சொல்லிட்டு, கடைசில ஒரு கர்ச்சீப்பு வாங்கிட்டுப் போனாங்க."

"ஆங்! அந்தம்மாவ நெனச்சுக்கிட்டு உறுமு!"

"பாவமுங்க. சேல எடுக்கணும்னுதான் வந்திருப்பாங்க. வூட்டுல என்ன கஷ்டமோ."

சுக்குக் கஷாயம் கொடுத்தார்கள். பச்சை மிளகாய் கடிக்க வைத்தார்கள். குவாரிக்குக் கூட்டிப்போய்ப் பள்ளத்தைப் பார்த்துக் கத்தச் சொன்னார்கள். பள்ளத்தில் யாரோ ஆடு மேய்த்துக்கொண்டிருப்பது தெரிந்ததும், "சாப்டீங்களா?" என்று கேட்டுவிட்டு வந்தானாம். நரகத்தைப் பற்றிய பாட்டில் 'டேய் எமனே' என்று ஒரு வரி வரும். அதைப் பாட மாட்டேன் என்று நின்றுவிட்டான். "எப்படியும் ஒருநாளைக்கு அவரப் பாக்கத்தானுங்களே போறோம், எதுக்கு இப்பவே மரியாத கெட்டுப் பேசணும்?" என்றான். தினேஷ் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டான். "டேய் சேலக்கடை, நவுருடா" என்பதோடு சரி. இவனும் நகர்ந்து கொள்வான்.

எனக்கும் பொறுமை போய்க்கொண்டிருந்தது. ஃபேனை நிறுத்திய அறையில் நாள் முழுக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள், அப்போது தெரியும். அம்மன் பூக்கொடுத்தாள், சரி. கூடவே கொஞ்சம் தொண்டையும் கொடுத்திருக்கக் கூடாதா?

கடைசியில் ஐயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "தினேசு பாடட்டும். அட்டையில செல்வம் படம், செல்வம் பேரு. ஆத்தாளுக்கும் கொற இல்ல, பாட்டுக்கும் கொற இல்ல."

ரைஸ் மில் வழி. முனிராஜுக்குச் சந்தோஷம். தினேஷ் பெயர் இல்லாமல் போனாலும் குரல் தன்னுடையதுதானே என்று சமாதானமாகிவிட்டான். எல்லோரும் செல்வத்தைப் பார்த்தோம். அவன் மைக்குக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். கண் சிவந்து, காது மடல் துடித்தது. அவனை அப்படி ஒருத்தரும் பார்த்ததில்லை. தினேஷ் என் தோளை இடித்து, "மேடம், ரெக்கார்ட் போடுங்க, வருது, வருது!" என்றான். நானும் அவசரமாகப் பட்டனை அமுக்கினேன். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

"எனக்கு வருத்தமா இருக்குதுங்க" என்றான் செல்வம். கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

அவ்வளவுதான் வந்தது. பிறகு தெளிவாகச் சொன்னான். "அவரு பாடறதுன்னா பாடட்டுமுங்க, நல்லாத்தான் பாடறாரு. ஆனா அதுக்கு என் பேரப் போடாதீங்க. நான் பாடாதத நான் பாடினேன்னு எங்கம்மா ஊரெல்லாம் போட்டுக் காட்டும். அது வேணாமுங்க."

முனிராஜ் அலறினான். "பேர எடுத்தா ஆத்தா வாக்க மீறின மாதிரி ஆயிரும் மாப்ள!"

பேரை எடுக்கவும் முடியாது, குரலை வைக்கவும் முடியாது. நல்ல கூத்து. ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

மற்றவர்கள் டீ குடிக்கப் போனார்கள். செல்வம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். நான் காற்று வாங்கப் போனவள்தான், அவனிடம் பேசப் போகவில்லை. அவனாகச் சொன்னான்.

"எனக்கு இந்தப் பாட்டெல்லாம் உசுரும்மா. கடையில வேல முடிஞ்சு போறப்ப தெனமும் காதுல போட்டுக்கிட்டுத்தான் போவேன். நாளெல்லாம் 'வாங்க, உக்காருங்க'ன்னு பேசிட்டு இதக் கேட்டா, நெஞ்சுல அடச்சுக்கிட்டது எல்லாம் யாரோ தூக்கி வீசற மாதிரி இருக்கும். முனிராஜ் மாமனுக்காக ஒண்ணும் நான் வரல. எனக்கு ஆசதான். வாய்தான் வர மாட்டேங்குது."

"சரி, அழுவாத" என்றேன்.

"கடையில என் எடத்துக்கு வேற ஆளப் போட்டுட்டாங்க. எங்கம்மா ஊரெல்லாம் சொல்லி வெச்சிருச்சு. ஒரு பாட்டாச்சும் என் கொரல்ல வரணும்மா. ஒண்ணே ஒண்ணு. இல்லாட்டி எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு ஊருக்குள்ள போவேன்?"

என் மகனாக இருந்திருந்தால் நாலு அறை விட்டிருப்பேன். இவனுக்கு என்ன சொல்ல? பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. வீட்டுக்குப் போகிற பஸ்ஸுக்கு வேறு நேரமாகிக்கொண்டிருந்தது. "உறுமவும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். மேகத்துக்கிட்ட உனக்கு எப்படிப் பேச வருமோ அப்படிப் பேசித் தொல. நான் எடுத்துத் தரேன்" என்றேன்.

அவன் எழுந்து நின்றான். "வாங்க போங்கன்னு பேசலாமுங்களா?"

"மேகத்துக்கு வெத்தல பாக்கு வேணும்னாலும் வெய்யி. சீக்கிரம் வா."

மைக்கை அவன் வாய்க்கு வெகு பக்கத்தில் இழுத்து வைத்தேன். காதில் முனிராஜின் கிடாரும் தினேஷின் டிரம்ஸும் முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்தன. செல்வம் கையைக் கட்டிக்கொண்டு, முனிராஜ் எழுதியதை எல்லாம் விட்டுவிட்டுத் தன் போக்கில் சொல்ல ஆரம்பித்தான். பாடினான் என்றும் சொல்லலாம். ஒரே மூச்சில் முடித்துவிட்டு, "சிரமம் குடுத்துட்டேனுங்க" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டான்.

டீ குடித்துவிட்டு வந்தவர்களுக்குப் போட்டுக் காட்டினேன். முனிராஜ் தலையைப் பிடித்துக்கொண்டான். "இது பாட்டா, மனுவா?" என்று தினேஷ் சிரித்தான். ஐயா மட்டும் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார், துடைக்கவில்லை, மாட்டவுமில்லை. "தினேசையும் பாட வெச்சு ரெண்டையும் எடுத்துக்க. பஸ்ஸு சொல்லட்டும். செல்வம் தோத்தா வூட்டுக்குப் போயிரணும், அட்டையில பேரு இல்ல, ஆத்தாகிட்ட நான் பேசிக்கறேன்" என்றார். செல்வம் தலையாட்டினான்.

அடுத்த நாள் எல்லோரும் டிக்கெட் எடுத்து மினி பஸ்ஸில் ஏறினோம். போகும்போது தினேஷ் பாடியது, வரும்போது செல்வம் பாடியது என்று ஏற்பாடு. தருமபுரியைத் தாண்டியதும் மாதேஷ் பென் டிரைவைச் சொருகினான். தினேஷின் உறுமல் கிளம்பியது. சும்மா சொல்லக் கூடாது, ஜான்சனையே தூக்கிச் சாப்பிடுகிற உறுமல். நாங்கள் பயணிகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருத்தரும் வேறு பாட்டுப் போடச் சொல்லவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று தினேஷ் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். அப்போது முன் சீட்டுப் பெரியவர் ஒருத்தர் எழுந்து, "டிரைவரே, கியர் பாக்ஸு போச்சுன்னு நெனக்கிறன். வண்டிய ஓரங்கட்டுங்க" என்றார். "ஆமாங்க, நானும் ரொம்ப நேரமா கேக்குறன், அடியில ஏதோ ஒரசுது" என்றார் இன்னொருத்தர். எல்லோரும் சேர்ந்து கத்த, இண்டூருக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, விஷயம் தெரிந்த மாதேஷே இறங்கி அடியில் குனிந்து பார்க்க வேண்டியதாயிற்று. அவன் ஏறிப் பாட்டை நிறுத்தியதும், "பாத்தீங்களா, சரியாப் போச்சு" என்று பெரியவர் திருப்தியாக உட்கார்ந்தார்.

தினேஷின் கட்டை விரல் கீழே இறங்கியது. ஐயா ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார், தோள் மட்டும் குலுங்கியது.

திரும்புகிற வண்டியில் கூட்டம் அதிகம். மானாவாரியில் கடலை விதைத்துவிட்டு எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. கறுத்த மேகம் தினமும் வரும், எங்கள் தலைக்கு மேலே ஊர்வலம் போய்விட்டு வேறு எங்கேயோ கொட்டும். வேலை கேட்டுத் தருமபுரிக்குப் போகிறவர்கள், காலிச் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தவர்கள், மடியில் கூடையோடு பெண்கள். செல்வம் கடைசி சீட்டில் தினேஷுக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டு, இரண்டு கையையும் முட்டிக்கு நடுவில் வைத்து உட்கார்ந்திருந்தான். உதடு காய்ந்திருந்தது. இந்தப் பிள்ளை தோற்றுவிடக் கூடாது என்று மனசார வேண்டிக்கொண்டேன். எந்தச் சாமியை என்று கேட்காதீர்கள்.

மாதேஷ் பாட்டைப் போட்டான். கிடார் இடித்தது. டிரம்ஸ் அடித்த அடியில் ஒரு குழந்தை வீறிட்டது. "என்னா எழவுடா இது" என்று சாக்குக்காரர் ஒருத்தர் டிரைவரைப் பார்த்துக் கையைத் தூக்கினார். முடிந்தது கதை என்று கண்ணை மூடிக்கொண்டேன். அப்போது இசை நின்று, செல்வத்தின் குரல் வந்தது.

"மேகமுங்க, கொஞ்சம் நில்லுங்க.
தெனமும் எங்க ஊர் மேலதான் போறீங்க.
ஒருநாளாச்சும் எறங்கிட்டுப் போங்க.
எறங்கலீன்னா உங்கள நாங்க என்ன பண்ணிருவோமுங்க?
இன்னும் கொஞ்ச நாளு பாத்துட்டு,
நாங்களும் போயிருவோமுங்க."

பின்னாலேயே கிடாரும் டிரம்ஸும் மலை சரிகிற மாதிரி விழுந்தன. சாக்குக்காரரின் கை அப்படியே நின்று, மெல்ல இறங்கியது. பாட்டு முழுக்க அப்படித்தான், இடி விழும், நிற்கும், நடுவில் அந்தப் பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு கேட்கும். யாரோ ஒருத்தர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி மேலே பார்த்தார்.

பாட்டு முடிந்தது. மாதேஷ் அடுத்து எதுவும் போடவில்லை. நடு சீட்டில் கூடையோடு உட்கார்ந்திருந்த வயதான அம்மா ஒருத்தர் முன்னால் எட்டிப் பார்த்துச் சொன்னார்.

"ஏனுங்க டிரைவரு, அந்தப் புள்ளைய இன்னொருக்கா கூப்பிடச் சொல்லுங்க. வந்தாலும் வரும்."

பெரியவர்கள் கேட்டுவிட்டார்களே என்று செல்வம் கடைசி சீட்டிலிருந்து எழுந்துவிட்டான். கையைக் கட்டிக்கொண்டு, நேரிலேயே பாடிவிடுகிறவன் மாதிரி தொண்டையைச் செருமினான். தினேஷ் அவன் தோளில் கை வைத்து அழுத்தினான்.

"நீங்க உக்காருங்க. நான் போய்ப் போடறன்" என்று சொல்லிவிட்டு, ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் போனான்.